ஐம்பத்தைந்து நிமிட நேர்கோடு

அத்தியாயம் ஒன்பது

“இந்தக் கோட்ட யாரு இழுத்தது?” என்று கேட்டார் சிட்டாள் ஆச்சி.

“யாரும் இழுக்கல ஆச்சி. தானா வரும்,” என்றான் பவித்ரன். “பம்ப் ஹவுஸ்ல ஒரு சின்னப் பெட்டி இருக்கு. நிமிஷத்துக்கு ஒரு தடவ, கரண்ட் எவ்வளவு, தண்ணி எவ்வளவு, சூடு எவ்வளவுன்னு அனுப்பிக்கிட்டே இருக்கும். இந்த வெப்சைட் அத வாங்கிப் புள்ளி வெச்சுக் கோடு போட்டுடும். கோலம் மாதிரிதான். மார்கழிக்குக் காத்திருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.”

ஆச்சி சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த ஒரு பழைய கடித உறையை எடுத்து, அதன் ஓரத்தை நான் கொண்டுவந்திருந்த மடிக்கணினித் திரையில் அந்தக் கோட்டின்மேல் வைத்தார். உறையின் ஓரமும் கோடும் ஒன்றாகப் பொருந்தின.

“மத்த இடமெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி நடுங்குது. இங்க மட்டும் அடிக்குச்சி வெச்ச மாதிரி இருக்கு. சாயந்தரம் அஞ்சு நாப்பதுலேருந்து ஆறு முப்பத்தஞ்சு வரைக்கும்.” உறையைக் கீழே வைத்தார். “உசுரோட இருக்கிற எதுவும் இவ்வளவு நேராப் போகாது, நவமணி.”

என் கணவர் இறந்து நூற்றுப் பத்தொன்பது நாள். அந்தக் கோட்டை மாலைதோறும் பார்த்து வந்தவள் நான். ஒரு நாளும் எனக்கு அது தோன்றவில்லை.

ஈப்போவில், புந்தோங்கில், ஒரு கச்சான் பூத்தே கடையின் மேல்மாடியில் இருந்தது ஆச்சியின் அலுவலகம். முப்பது வருடம் காப்புறுதிக் கம்பெனியில் மற்றவர்கள் சொல்வது உண்மையா என்று விசாரித்தவர், ஓய்வு பெற்ற பிறகும் அதை விடவில்லை. பவித்ரன் கைப்பேசிக் கடை வைத்து மூடியவன். ஆச்சியின் கைப்பேசியைச் சரிசெய்ய வந்து அப்படியே உதவியாளனாகத் தங்கிவிட்டதாகச் சொல்லிக்கொள்வான். கீழே கடலை வறுபடும் வாசம் படியேறி வரும். அங்கே உட்கார்ந்து மரணத்தைப் பற்றிப் பேசுவது முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

என் கணவர் தனேஸ்வரன் தோட்டங்களின் தண்ணீர்ப் பம்புகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் டெக்னீஷியன். பேராக் முழுக்கப் பதினொரு பம்ப் ஹவுஸ்கள். அவை எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்கும்படி அந்தப் பக்கத்தை அமைத்தவரும் அவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சுங்காய்க்கு அருகே, மூன்றாம் எண் பம்ப் குழியில் மின்சாரம் தாக்கி இறந்தார். ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில் என்றார் டாக்டர். அதற்குமேல் சொல்ல முடியாது என்றார்.

கம்பெனியின் அறிக்கை ஒரே வரியில் முடித்துவிட்டது. மெயின் சுவிட்சை அணைக்காமல் குழிக்குள் இறங்கினார். ஆதாரம், அந்தக் கோடு. அன்று மாலை அங்கே மின்சாரம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லையாம். வரும் திங்கட்கிழமை கடைசி விசாரணை. அதோடு அந்த வரி நிரந்தரமாகிவிடும்.

துக்கத்துக்கு வந்தவர்கள் இரண்டு விதமாகப் பேசினார்கள். கவனமில்லாமல் போய்விட்டாரே என்றார்கள் சிலர். அவருக்கு மனசில் ஏதாவது கஷ்டம் இருந்ததா என்று மெதுவாகக் கேட்டார்கள் மற்றவர்கள். வீட்டில் இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று பார்க்க நாலு மாடி திரும்ப ஏறுகிற மனிதர் அவர். அப்படிப்பட்டவர் ஈரக் குழியில் மின்சாரத்தோடு இறங்கினார் என்றால், ஒன்று அவரை எனக்குத் தெரியவே தெரியாது, இல்லையென்றால் அவர் என்னை விட்டுப் போக நினைத்துத்தான் போனார். இரண்டில் எது என்று தெரியாமல் என்னால் சோறு தின்ன முடியவில்லை. அதற்காகத்தான் ஆச்சியின் படியை ஏறினேன்.

“பவித்ரா, இந்த நேரானத மட்டும் தூக்கிட முடியுமா?”

“பாக்குறேன்.” அவன் பக்கத்தின் ஓரத்தைத் திறந்து தேடினான். “இங்க ஒரு பொத்தான் இருக்கு ஆச்சி. நடுவுல புள்ளி வராமப் போச்சுன்னா, இந்த முனையையும் அந்த முனையையும் சேத்துக் கட்டிடுன்னு சொல்ற பொத்தான். போட்டு வெச்சிருக்காங்க.”

“எடு.”

அவன் எடுத்தான். நேர்கோடு மறைந்தது. அந்த இடத்தில் எதுவும் இல்லை. இடது பக்கம் ஐந்து நாற்பதோடு கோடு அறுந்து நின்றது. வலது பக்கம் ஆறு முப்பத்தைந்தில் மறுபடி தொடங்கியது. நடுவில் என் உள்ளங்கை அகலத்துக்கு வெறுமை.

“அப்ப கரண்ட் இருந்துச்சுன்னு அவங்க காட்டினது?” என்று கேட்டேன்.

“கரண்ட் இல்லக்கா. கயிறு. ரெண்டு முனையில கட்டி விட்டிருக்காங்க.”

“யாரு கட்டினதுன்னு தெரியுமா?” என்றார் ஆச்சி.

“தெரியும். இந்தப் பக்கத்துல யாரு எத மாத்தினாலும் பேரும் நேரமும் பதிஞ்சிடும்.” பவித்ரன் திரையை உருட்டினான். பிறகு கையை எடுத்துவிட்டான். 

“படிலா,” என்றார் ஆச்சி.

“மாத்தினவர், தனேஸ். அவரு எறந்து மூணாம் நாள். திங்கக்கிழமை காலைல பத்து பன்னெண்டு.”

கீழே கடலை வறுக்கும் கரண்டியின் சத்தம் கேட்டது. அந்தத் திங்கட்கிழமை காலை காடாத்து. பத்து பன்னிரண்டுக்கு நாங்கள் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவர் என் மடியில் ஒரு மண் கலயத்தில் இருந்தார்.

“ஆச்சி, பேய் கேஸ் எடுக்க மாட்டேன்னு சேரும்போதே சொன்னேன்லா,” என்றான் பவித்ரன்.

“பேய்க்குப் பாஸ்வேர்ட் எதுக்கு? இது யாரோ பாஸ்வேர்ட் தெரியாத ஆளு.” ஆச்சி என் பக்கம் திரும்பினார். “இந்தக் கம்ப்யூட்டரத் தொறந்தா பாஸ்வேர்ட் கேக்குதா?”

“கேக்காது. ‘வணக்கம், தனேஸ்’னு வரும். நேரா உள்ள போயிடும்.”

நான் ஒவ்வொரு நாளும் மாலையில் அதைத் திறப்பேன். அந்த இரண்டு சொற்களைப் பார்ப்பதற்காகவும் திறப்பேன். அதை ஆச்சியிடம் சொல்லவில்லை.

“அந்தத் திங்கக்கிழமை இது எங்க இருந்துச்சு?”

“வேன்லதான். அவரோட கம்பெனி வேன். தோட்டத்துலயே நின்னுச்சு. நாங்க காடாத்து முடிஞ்சு மத்தியானம் வீட்டுக்கு வந்தப்ப வேன் வாசல்ல நின்னுச்சு. உள்ள இருந்த சாமானையெல்லாம் எங்க வீட்ல இறக்கி வெச்சிருந்தாங்க.”

பவித்ரன் பதினொரு கோடுகளையும் தாண்டிக் கீழே போனான். பன்னிரண்டாவதாக ஒன்று இருந்தது. “இது என்னக்கா, ‘கிழவன்’னு பேரு?”

“அதான் வேன். பழைய வேன். பேட்டரி அடிக்கடி செத்துப்போகும். அதுக்கும் ஒரு பெட்டி மாட்டிட்டாரு.”

அந்தக் கோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வேறு யாரோ ஓட்டுகிறார்கள். பவித்ரன் தேதியைப் பின்னால் தள்ளி அந்தத் திங்கட்கிழமைக்குப் போனான். இன்ஜின் ஓடினால் கோடு மேலே போகும், அணைத்தால் இறங்கும். காலை ஒன்பது நாலுக்கு ஏறியது. ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. பத்து பதினேழுக்கு மறுபடி ஏறியது.

“ஓட்டிக்கிட்டே தட்ட முடியாது. நின்ன பத்தொம்பது நிமிஷத்துல தட்டியிருக்காங்க,” என்றார் ஆச்சி. “சுங்காய்லேருந்து கிளம்பி, ஈப்போவுக்கு வர்ற வழியில, அம்பத்து நாலாவது நிமிஷத்துல என்ன இருக்கு?”

“டோல்ல மாட்டிக்கிட்டிருக்கலாம்,” என்றான் பவித்ரன்.

“சிம்பாங் பூலாய்,” என்றேன். சொன்னதுமே எனக்கு யார் என்று தெரிந்துவிட்டது. வேனைக் கொண்டுவந்து விட்டவள் ஷர்மினி. அவரோடு வேலை செய்த பெண். வீடு சிம்பாங் பூலாயில்.

ஆச்சி கைப்பையை எடுத்தார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

“புள்ளி வரலன்னா போனுக்கு அலாரம் வரும்னு சொன்னீங்க. அன்னிக்கு வரலையா?”

“வந்துச்சு.”

என் கணவருக்கு இரண்டு கைப்பேசிகள். கம்பெனியுடையது பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கும். அவர் வண்டி ஓட்டும்போது தொந்தரவு வேண்டாம் என்று நான்தான் அலாரங்களைப் பார்ப்பேன். எந்தத் தோட்டமோ அங்கே இருக்கிற ஆளுக்குச் சொல்லிவிடுவேன். ஆறு வருடமாக அப்படித்தான்.

“வந்துச்சு. ஆனா அது பொய் அலாரம். அடிக்கடி அப்படி வரும்னு சொன்னாங்க.”

“யாரு சொன்னா?”

“ஷர்மினிதான்.”

ஆச்சி உறையை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“இன்னொரு விஷயம்,” என்றான் பவித்ரன். “நூத்தி இருபது நாளுக்கு மேல ஆனா இந்தப் பக்கம் நிமிஷப் புள்ளியெல்லாம் சேத்து அரைச்சு, மணிக்கு ஒண்ணா ஆக்கிடும். எடம் பத்தாதுலா. நாளைக்குச் சாயந்தரம் இந்த ஓட்டை மத்ததோட கலந்து போயிடும். நான் படம் எடுத்து வெச்சுக்கிறேன்.”

“படம் யாரு வேணாலும் போட்டுக் கொண்டு வரலாம். விசாரணைக்காரங்களே தொறந்து பாக்கணும். அதுக்குக் கம்பெனிக்குள்ள இருக்கிற ஒரு ஆளு வாயத் தொறக்கணும். காடிய எடு.” பவித்ரன் கார்ச் சாவியை எடுத்தான்.

*

சிம்பாங் பூலாயில் சுண்ணாம்பு மலைகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. ஷர்மினி வீட்டு வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதே வேன். நான் இறங்கியதைப் பார்த்ததும் குழாயை மூடினாள்.

“அக்கா, சாப்டீங்களா? உள்ள வாங்க.”

“உள்ள வேணாம்மா,” என்றார் ஆச்சி. தன்னைச் சொல்லிக்கொண்டார். நேராகவே கேட்டார். “தனேஸ் எறந்த மூணாம் நாள், பத்து மணிக்கு, இந்த வேன இங்க நிறுத்தினியா?”

“பாத்ரூம் போறதுக்கு நிறுத்தினேன் ஆன்ட்டி.”

“பத்தொம்பது நிமிஷமா?” என்றான் பவித்ரன். “ஒடம்பப் பாத்துக்கோங்க சிஸ்டர்.”

அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்தாள். அதில் தண்ணீரே இல்லை.

“சரி. நாந்தான் மாத்தினேன். அவரு பேர்ல தொறந்திருக்குன்னு அப்ப கவனிக்கல. அது சிக்னல் போன எடம் ஆன்ட்டி. அந்தப் பக்கம் செம்பனைக் காடு, சிம் கார்டு அடிக்கடி விழும். கோடு அறுந்து கிடந்தா கண்டவனும் கண்டதப் பேசுவான்னு சேத்துவிட்டேன். கரண்ட் போகல. பொட்டி பேசாம இருந்துச்சு, அவ்வளவுதான்.”

நான் பவித்ரனைப் பார்த்தேன். அவன் வேடிக்கையாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன்.

“நடக்கக்கூடியதுதான்,” என்றான். “சிக்னல் போனாலும் ஓட்டை விழும். கரண்ட் போனாலும் ஓட்டை விழும். ரெண்டு ஓட்டையும் ஒரே மாதிரிதான் இருக்கும்.”

அந்த இடத்தில் நான் திரும்பிப் போயிருப்பேன். அவள் சொன்னது பொருந்தியது. அவள் அவருடைய சவப்பெட்டிக்கு அருகில் நின்று அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆச்சி போகவில்லை. “தூங்குறவனும் பேசமாட்டான், கோவிச்சுக்கிட்டவனும் பேசமாட்டான்,” என்றார். “ஆனா தூங்கி எழுந்தவன் மொகத்தப் பாத்தாத் தெரிஞ்சிடும். அந்தப் பொட்டிக்கு அப்படி ஏதும் இருக்கா பவித்ரா?”

பவித்ரன் மடிக்கணினியை வேனின் முன்மூடியில் வைத்துத் திறந்தான். பக்கத்துக்குள் பக்கமாகப் போனான். ஷர்மினி துணியைக் கீழே போட்டாள்.

“இருக்கு ஆச்சி. முழிச்சு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பொட்டி தனக்குத்தானே எண்ணிக்கிட்டிருக்கு. அதுக்கும் ஒரு கோடு.” அவன் குரலில் வேடிக்கை குறைந்திருந்தது. “அன்னிக்கு வரைக்கும் நாப்பத்தோரு நாளா ஏறிக்கிட்டே வந்திருக்கு. சிக்னல் போயிருந்தா பொட்டி முழிச்சுத்தானே இருக்கும், எண்ணிக்கை விடாது. ஆனா ஆறு முப்பத்தஞ்சுக்குச் சுழியத்துலேருந்து ஆரம்பிக்குது. தூங்கி எழுந்திருக்கு.”

“அப்படின்னா?” என்றேன்.

“அப்படின்னா கரண்ட் நிஜமாவே நின்னுச்சுக்கா. அஞ்சு நாப்பதுக்கு யாரோ மெயின அணைச்சாங்க.”

யாரோ இல்லை. நான் அந்த வீட்டின் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தேன். இஸ்திரிப் பெட்டிக்காக நாலு மாடி ஏறுகிறவர் அணைத்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். என்னை விட்டுப் போகவில்லை. வேலை முடித்து வீட்டுக்கு வரத்தான் இருந்தார். நூற்றுப் பத்தொன்பது நாட்களில் முதல்முறையாக நான் சத்தம் போட்டு அழுதேன். ஷர்மினி என் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவினாள். அவள் கை ஈரமாக இருந்தது.

“போதும்லாக்கா,” என்றாள். “ஒங்களுக்குத் தெரியணும்னு நெனச்சது தெரிஞ்சிடுச்சு. இதோட விட்டுடுங்க.”

“எனக்குத் தெரிஞ்சா மட்டும் போதாது. திங்கக்கிழமை அவங்களுக்கும் தெரியணும்.”

“அணைச்சது தனேஸ்,” என்றார் ஆச்சி. அவர் எங்களைப் பார்க்கவில்லை, மலையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “ஆறு முப்பத்தஞ்சுக்குத் திரும்பப் போட்டது யாரு? குழிக்குள்ள இருந்த ஆளு மேல வந்து போட்டுட்டுத் திரும்ப எறங்கியிருக்க மாட்டாரு. நீ யாரக் காப்பாத்துறம்மா?”

ஷர்மினி என் முதுகிலிருந்து கையை எடுத்தாள்.

“நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். ஐயாவு அண்ணன்கிட்ட கேளுங்க.” பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். “நீங்க போகாதீங்கக்கா. அவங்க ரெண்டு பேரும் போயிட்டு வரட்டும்.”

நான் காரில் ஏறினேன்.

*

ஐயாவு அண்ணன் அந்தத் தோட்டத்து ஜாகா. காவல்காரர். அது ரப்பர் தோட்டமாக இருந்தபோது பால்மரம் சீவியவர். மரங்களை அழித்துச் செம்பனை நட்டு, லயத்து வீடுகளை இடித்து, சனங்களை ஈப்போவுக்கும் பீடோருக்கும் அனுப்பிய பிறகும் அவர் மட்டும் அங்கேயே இருந்தார். நான் அவரிடம் ஆறு வருடமாகப் போனில் பேசியிருக்கிறேன். நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை, சாவு வீட்டில்.

வழியில் பவித்ரன் என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தான். “அக்கா, ஆச்சி காப்புறுதியில இருந்தப்ப, செத்துட்டேன்னு பணம் கேட்ட ஆளப் பொங்கல் சந்தையில பாத்து, ‘தம்பி, கரும்பு என்ன விலை’ன்னு கேட்டாங்களாம்.”

“அவன் வெலையும் சொன்னான்,” என்றார் ஆச்சி. அதோடு நிறுத்திக்கொண்டார். கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே வந்தார்.

மாலை நாலரைக்குத் தோட்டத்துக்குள் போனோம். இருபுறமும் செம்பனை. நடுவில் ஓரிடத்தில் வெட்டாமல் விட்ட ஐந்தாறு பால்மரங்கள், பழைய சீவல் தழும்புகளோடு நின்றன. அதற்குப் பின்னால் ஜாகாவின் குடிசை. குடிசைச் சுவரை ஒட்டி இரும்புப் பெட்டிக்குள் மெயின் சுவிட்ச். பம்ப் குழி அங்கே இல்லை. இன்னும் உள்ளே, ஆற்றோரம், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தது.

ஐயாவு அண்ணன் என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“தங்கச்சி ஏன் வந்துச்சு?” என்று ஆச்சியிடம் கேட்டார்.

ஆச்சி இரும்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கைப்பிடியில் ஒரு சிவப்புத் தகரப் பலகை கம்பியில் தொங்கியது. வேலை நடக்கிறது, சுவிட்சைத் தொடாதீர். நாலு மொழியில்.

“இப்ப யாரு வேல செய்றாங்க?” என்றார் ஆச்சி.

“யாரும் இல்ல.”

“அப்ப இது ஏன் தொங்குது?”

“அது எப்பவும் அங்கதான்லா தொங்கும். வேல முடிச்சுட்டு ஒருத்தரும் எடுத்து வெக்க மாட்டாங்க. அடுத்து வர்றவன் தேடக் கூடாதுன்னு விட்டுட்டுப் போயிடுவாங்க.” அவர் துண்டை முறுக்கினார். “வருஷக் கணக்கா இப்படித்தான். தனேஸ் தம்பி மட்டும் ஒவ்வொரு தடவையும் எடுத்து உள்ள வெச்சிட்டுப் போவாரு. மத்தவங்க வந்து மாட்டிட்டுப் போயிடுவாங்க. அன்னிக்கு அவரு மாட்டினதா, முந்தி யாரோ மாட்டினதா, நான் எப்படிக் கண்டேன்? அவரு வந்து அணைச்சப்ப நான் தோட்டத்தச் சுத்தி வரப் போயிருந்தேன். அவரு அன்னிக்கு வர்ற நாளே இல்ல. வேன் ஆத்துப் பக்கம் நின்னுச்சு. இங்கேருந்து தெரியாது.”

அது உண்மை. சனிக்கிழமைதான் அவர் சுங்காய்க்குப் போவதாக இருந்தது. அன்று காலை ஆயர் தாவாருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். அங்கே வேலை சீக்கிரம் முடிந்து, சனிக்கிழமையை வீட்டில் கழிக்கலாம் என்று நேராக ஆற்றுப் பாதையில் வந்திருக்கிறார்.

“நீங்கதான் போட்டீங்க,” என்றார் ஆச்சி.

“நாந்தான்.”

“பலகையப் பாத்தும்.”

“பாத்தேன். பாத்தும் பாக்கல. தெனமும் பாக்குற பலகை.”

“சரி அண்ணே. ஆறு முப்பத்தஞ்சுக்கு அந்தச் சுவிட்சப் போடணும்னு உங்களுக்கு ஏன் தோணுச்சு? பம்ப் நின்னது இங்கேருந்து கேக்காது. உங்க குடிசையில இருக்கிறது மண்ணெண்ணெய் விளக்கு.”

ஐயாவு அண்ணன் குனிந்து மண்ணைப் பார்த்தார். பவித்ரன் ஆச்சியைப் பார்த்தான். ஆச்சி யாரையும் பார்க்கவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் அவருக்குப் புந்தோங்கிலேயே தெரிந்திருக்கிறது, உறையை மடித்தபோதே. அது எனக்கு அந்த நிமிடத்தில்தான் புரிந்தது.

“ஆறு முப்பத்தொண்ணு,” என்றேன்.

“தங்கச்சி, வேணாம்,” என்றார் ஐயாவு அண்ணன்.

“ஆறு முப்பத்தொண்ணுக்கு நான் போன் பண்ணினேன்.”

கண் கிளினிக்கில் என் மேசை வேலை ஆறு மணிக்கு முடியும். வீட்டுக்கு வந்தபோது கம்பெனி கைப்பேசி சார்ஜில் கிடந்து மினுங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் எண், புள்ளி இல்லை. நூறு முறை செய்த காரியம். காலணியைக்கூடக் கழற்றவில்லை. அண்ணே, மூணாம் நம்பர் விழுந்திருக்கு, தூக்கி விட்டுடுங்க என்றேன். சரி தங்கச்சி என்றார். ஆறு முப்பத்தாறுக்குப் பச்சை எழுத்தில் செய்தி வந்தது, சரியாகிவிட்டது என்று. அவர் பசியோடு வருவார் என்று நான் அரிசி களைந்தேன்.

இறந்தார் என்று சொன்ன இரவே அந்தப் போன் என் நினைவுக்கு வந்தது. மூன்று நாள் அது என் நெஞ்சில் கிடந்தது. காடாத்து முடிந்த பிறகு ஷர்மினியிடம் கேட்டேன். பொய் அலாரம்க்கா, கரண்ட் நிக்கவே இல்ல, வேணும்னா பாருங்க என்று திரையைக் காட்டினாள். நேரான கோடு. அதைத்தான் நான் ஒவ்வொரு மாலையும் திறந்து பார்த்தேன். அவருக்காக என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன்.

“போலீஸ்கிட்ட சொல்லத்தான் நின்னேன்,” என்றார் ஐயாவு அண்ணன். “சாவு வீட்ல ஒன் மொகத்தப் பாத்தேன். நான் போட்டேன்னு சொன்னா, யாரு சொல்லிப் போட்டேன்னு கேப்பாங்க. அந்தப் புள்ள ஷர்மினிகிட்ட மட்டும் சொன்னேன். அக்கா தாங்காது, கோட்ட நான் பாத்துக்கிறேன்னு சொன்னுச்சு. அத வெச்சு அவரு மேலயே பழியப் போடுவாங்கன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. தெரிஞ்சப்ப வாயத் தொறக்க முடியல.”

“ஒங்களையும் காப்பாத்திக்கிட்டீங்க,” என்றார் ஆச்சி.

“ஆமா. அதையும்தான்.”

ஆற்றுப் பக்கம் பம்ப் ஓடுகிறதா என்று காது கொடுத்தேன். எதுவும் கேட்கவில்லை. அதுதான் என்னை அதிகம் வாட்டியது. அன்றும் இவருக்கு இங்கே எதுவும் கேட்டிருக்காது. எனக்கும் ஈப்போவில் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு அவரவர் அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறோம்.

ஆச்சி என் அருகில் வந்து நின்றார்.

“நவமணி, இது உங்க கேஸ். நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் சும்மா இருந்தாப் போதும். புள்ளியெல்லாம் கலந்துடும். பவித்ரன் எடுத்த படத்த நான் அழிச்சிடுவேன். அவரு அணைச்சிட்டுத்தான் எறங்கினாருன்னு உங்களுக்குத் தெரியும். அது உங்ககிட்ட இருக்கும்.”

“ரிப்போர்ட்ல?”

“ரிப்போர்ட்ல அணைக்கலைன்னுதான் இருக்கும்.”

நான் பவித்ரனைப் பார்த்தேன். அவன் கைகளைக் கட்டிக்கொண்டு பால்மரங்களைப் பார்த்து நின்றான்.

நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. பலகையை ஒவ்வொரு முறையும் எடுத்து உள்ளே வைத்த ஒரே ஆள், கவனக் குறைவால் செத்தார் என்று ஒரு அலமாரியில் ஒரு காகிதம் இருக்கும். என் பெயர் எங்கும் இருக்காது. அப்படி ஒரு வீட்டில் நான் எப்படிச் சோறு வடிப்பேன்.

“தம்பி, பேப்பர் இருக்கா?”

பவித்ரன் காரிலிருந்து ஒரு நோட்டைக் கொண்டுவந்தான். “காலைலயே குடுத்தா, புள்ளி கலக்கிறதுக்கு முந்தி அவங்களே தொறந்து பாத்துடுவாங்க,” என்றான். காரின் முன்மூடியில் விரித்துப் பேனாவைத் திறந்தான். நான் சொல்லச் சொல்ல எழுதினான். என் பெயர், என் அடையாள அட்டை எண். தனேஸ்வரனின் மனைவி. மாலை ஆறு முப்பத்தொன்றுக்கு நான் ஐயாவு அண்ணனைக் கூப்பிட்டேன். கணவர் குழியில் இருப்பது எனக்குத் தெரியாது. சுவிட்சைப் போடச் சொன்னது நான். அதற்கு ஐம்பத்தொரு நிமிடம் முன்னால் என் கணவர் அதை முறைப்படி அணைத்திருந்தார்.

அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். பவித்ரன் படித்தான். கையெழுத்துப் போட்டேன்.

ஐயாவு அண்ணன் துண்டால் இரண்டு கைகளையும் துடைத்துக்கொண்டு காருக்கு அருகில் வந்தார்.

“நானும் போடணுமா தங்கச்சி?”

“ஆமாண்ணே,” என்றேன். “எனக்குக் கீழ போடுங்க.”